லோயர் பெர்த்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. "கட்டி" என்பார்கள், "அந்த விஷயம்" என்பார்கள். அத்தை போனில் யாரிடமாவது பேசினால் "மருமகளுக்கு மேலுக்குச் சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நான் மட்டும் என்ன? மார்பில் இருந்த கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் "இன்வேசிவ் டக்டல் கார்சினோமா" என்றுதான் போட்டிருந்தது. கேன்சர் என்ற சொல்லே இதில் இல்லையே என்று ஒரு ராத்திரி முழுக்க எனக்கு நானே வாதாடினேன்.

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு 21 நாளுக்கு ஒருமுறை கீமோ. முதல் நான்கும் சிவப்பு மருந்து. அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். இருந்தும் பயந்தேன். மூன்றாவது வாரம் சீப்போடு முடி வந்தது. தெருவில் டைபாய்டு என்று சொல்லிவைத்தேன். டைபாய்டில் முடி கொட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், வசதியாக இருந்தது.

மருத்துவமனையில் ஓர் ஆலோசகர், மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று மனசு கடந்துபோகும் ஐந்து படிகளை விளக்கினார். 1969-இல் எலிசபெத் கூப்ளர்-ரோஸ் என்ற மனநல மருத்துவர் சொன்னது. சாகும் தறுவாயில் இருந்தவர்களிடம் பேசி எழுதியது என்று பிறகு தெரிந்தபோது எரிச்சல்தான் வந்தது. எனக்கு வரிசையெல்லாம் இல்லை. காலையில் கோபம், மத்தியானம் பிள்ளையாருக்கு 108 தேங்காய், சாயங்காலம் "ரிப்போர்ட் மாறிப்போயிருக்கும்".

ரயிலில் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு. மருத்துவமனை கையெழுத்திட்ட படிவத்தைக் கவுண்டரில் காட்ட வேண்டும். இரண்டு முறை அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு முழுக் காசு கொடுத்தேன். இவருக்குத் தெரியும், ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது முறை கையில் காசு இல்லை.

படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். உள்ளே ஃபேன் சத்தம். "என்ன கன்சஷன்? சத்தமாச் சொல்லுங்கம்மா."

"கேன்சர்."

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

பின்னால் நின்றவர் அரை அடி விலகினார். அது தெரிந்தது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. உள்ளே இருந்தவர் தலையைத் தூக்கக்கூட இல்லை. "லோயர் பெர்த் போடவா?" என்றார். போடச் சொன்னேன். வெளியே வந்து, ஆறு வாரத்துக்குப் பிறகு, பசித்து ஒரு வடை சாப்பிட்டேன்.

அந்த வாரமே எதிர்வீட்டு அக்காவிடம் டைபாய்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்து வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு முறை பாக்லிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்து, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது, அப்புறம் ஆபரேஷன், கரண்ட் என்று சொல்லும் ரேடியேஷன். இப்போது ராத்திரிக்கு ஒரு டாமாக்சிஃபென் மாத்திரை. செக்கப் நெருங்கும் வாரத்தில் இவரோடு சண்டை போடாமல் இருந்ததில்லை.

அத்தை இன்னும் போனில் "மேலுக்குச் சரியில்லை" என்றுதான் சொல்கிறார். நான் திருத்துவதில்லை.