கமிகீன் தீவை நடந்தே சுற்றிய கதை

பிலிப்பைன்ஸின் செபு நகரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் ஈஸ்டர் வாரம் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. வியாழனும் வெள்ளியும் கடைகள் பாதி மூடிக் கிடக்கும், தெரிந்தவர்கள் எல்லாம் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். 2024இல் அறையில் தனியாக உட்கார மனமில்லாமல், உடன் வேலை செய்யும் பையனிடம் "நானும் உன் ஊருக்கு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஊர் கமிகீன். "வா, ஆனால் நடக்கணும்" என்றான். எவ்வளவு தூரம் என்று கேட்காமல் தலையாட்டியது என் தப்பு.

தூரம் 64 கிலோமீட்டர். கமிகீனைச் சுற்றிக் கடலோரமாக ஒரே சாலை ஓடுகிறது. அதன் மொத்த நீளம் அது. பெரிய வியாழன், புனித வெள்ளி நாள்களில் ஆயிரக்கணக்கானோர் அதை நடந்தே சுற்றுகிறார்கள். அதற்குப் பெயர் பனாஆத். செபுவானோ மொழியில் நேர்ந்துகொண்ட வாக்கு என்று பொருள். நேர்த்திக்கடன் என்று மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். பழனிக்கு நடப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது. அதைப் பற்றி அங்கே யாரும் கேட்கவும் இல்லை.

நடையைவிட அங்கே போய்ச் சேர்வதுதான் கஷ்டம். செபுவிலிருந்து இரவுக் கப்பலில் ககயான் டி ஓரோ, அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பலிங்கோவான் துறைமுகம், பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஃபெர்ரி. புனித வாரத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. புதன் காலை பலிங்கோவான் வந்தவர்கள் மாலை நாலு மணிக்குத்தான் ஏறினோம். வரிசை துறைமுக வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்திருந்தது. டிக்கெட் வேறு, துறைமுகக் கட்டணம் வேறு, இரண்டுக்கும் தனி வரிசை என்பது தெரியாமல் ஒன்றில் நின்று முடித்துவிட்டு மறுபடி கடைசிக்குப் போனேன். போகிறவர்கள் திங்களோ செவ்வாயோ கடந்துவிடுங்கள்.

ஃபெர்ரியிலிருந்து பார்த்தால் ஊரே தெரியாது, மலைதான் தெரியும். மொத்தம் சுமார் 240 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் 92,808 பேர். பரப்பிலும் மக்கள்தொகையிலும் பிலிப்பைன்ஸில் இதைவிடச் சிறிய மாகாணம் பட்டானெஸ் மட்டும். இருப்பது ஐந்தே ஊராட்சிகள்: மம்பஹாவ், மஹினோக், கின்சிலிபான், சகாய், கத்தர்மான். "ஊர் ஐந்து, எரிமலை ஏழு" என்று நண்பன் பெருமையாகச் சொன்னான். பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

வியாழன் மாலை ஆறு மணிக்குத் தலைநகரான மம்பஹாவிலிருந்து கிளம்பினோம். கடல் இடது கை, மலை வலது கை. நம் வழக்கப்படி சொன்னால் வலம் வருவது. எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு, யாரும் குறை சொல்வதில்லை. நான் புது ஷூ போட்டிருந்தேன். சுற்றிலும் முக்கால்வாசிப் பேர் ரப்பர் செருப்பு, சிலர் வெறுங்கால். நண்பனின் பெரியப்பா, அறுபது தாண்டியவர், என் காலைப் பார்த்துச் சிரித்தார். அவரை எல்லோரும் 'நோங்' என்று கூப்பிட்டார்கள், நம் அண்ணே போல. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஊர்ப் பெயர்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே நடந்தார் நோங். மம்பஹாவில் 'பஹாவ்' என்பது மிச்சம் வைத்த பழைய சோறு. காலையில் அதைச் சாப்பிடுவதிலிருந்து ஊர்ப் பெயரே வந்தது என்று ஒரு கதை. உண்மையோ பொய்யோ, பழைய சோற்றைத் தலைநகருக்குப் பெயராக வைத்தவர்கள் மேல் எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது. மஹினோக்கில் இருக்கும் 'ஹினோக்' என்றால் பழுத்தது. அந்த ஊரை நெருங்கும்போது ஒன்பது மணி இருக்கும், கடலிலிருந்து தேய்பிறை நிலா எழுந்தது. அதுவரை நடை உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது.

ஃபெர்ரி வந்து சேரும் பெனோனியைத் தாண்டியதும் கால் பேச ஆரம்பித்தது. இடது குதிகாலில் கொப்புளம். சாலையோரக் கூடாரத்தில் ஒரு நர்ஸ் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார். நோங் எதுவும் சொல்லாமல் பையிலிருந்து இன்னொரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து நீட்டினார். முன்னாடியே தெரிந்து கொண்டுவந்திருக்கிறார் மனுஷன்.

கின்சிலிபான் வந்தபோது நள்ளிரவு தாண்டி ஒன்றரை. தீவின் தென்முனை, எதிரே மிண்டனாவோ என்ற பெரிய தீவு. 1598இல் ஸ்பானியர்கள் முதலில் குடியேறியது இங்கேதான். கடலைப் பார்த்தபடி பழைய கல் காவல்கோபுரம் ஒன்று இருக்கிறது. தெற்கிலிருந்து அடிமை பிடிக்க வந்த மோரோ முஸ்லிம்களின் படகுகளைக் கவனிக்கக் கட்டியது. ஊர்ப் பெயருக்கே கொள்ளையரை எட்டிப் பார்ப்பது என்ற பொருள் சொல்கிறார்கள். அது கினமிகின் மொழிச் சொல், தீவின் பூர்வீக மொழி, மனோபோ குடும்பத்தைச் சேர்ந்தது. செபுவானோ வந்து மற்ற இடங்களை விழுங்கிவிட, இப்போது அது பெரும்பாலும் இங்கேயும் சகாயிலும் வயதானவர்கள் வாயில் மட்டும் மிச்சம். கோபுரத்தருகே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் நோங் அதில் இரண்டு வார்த்தை பேசினார். பாட்டி திருத்தினார். நோங்குக்கு வெட்கம்.

சகாய் பற்றி எழுத எனக்கு ஒன்றும் நினைவில்லை. தூங்கிக்கொண்டே நடந்தேன்.

விடிந்தது கத்தர்மானில். இப்போதைய கத்தர்மான் என்று சொல்ல வேண்டும். பழைய ஊர் இன்னும் வடக்கே பொன்பொன் பக்கம் இருந்தது. 1871 பிப்ரவரியில் நிலநடுக்கங்கள் தொடங்கி, ஏப்ரல் 30 அன்று ஊருக்கு அருகிலேயே தரை பிளந்து நெருப்பு வந்தது. அதுவரை மலையே இல்லாத இடம் அது! அங்கே எழுந்த புது மலை நான்கு வருடம் வளர்ந்துகொண்டே இருந்தது. 1875இல் சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் வந்தபோது 1,950 அடி உயரம், உச்சி இன்னும் கனன்றுகொண்டிருந்ததாக எழுதி வைத்தார்கள். ஊர் போனது, இடுகாடு கடலுக்குள் இறங்கியது. 1982இல் அந்த இடத்தில் கடலுக்குள் பெரிய சிலுவை ஒன்றை நட்டார்கள். கமிகீன் படங்களில் எல்லாம் அதுதான் இருக்கும். படத்தில் அழகாகத் தெரிகிறது. கால் வீங்கி, சாலையில் நின்று பார்க்கும்போது, கீழே இருப்பவர்கள் யாருடைய கொள்ளுத்தாத்தாக்கள் என்று நண்பன் வீட்டுப் பெயராகச் சொல்லிக்கொண்டு வரும்போது, போட்டோ எடுக்கத் தோன்றவில்லை.

கொஞ்சம் தள்ளி, அழிந்த பழைய ஊரின் கியோப் தேவாலயச் சுவர்கள். கூரை கிடையாது, பவளக்கல் சுவர்மேல் பாசி, உள்ளே மரங்கள். அங்கே அரை மணி நேரம் படுத்தே விட்டேன்.

பனாஆத்தின் உச்சம் அடுத்தது. 1871இல் பிறந்த அதே மலையின் மேல்தான், இயேசு சிலுவை சுமந்த வழியை நினைவுகூரும் சிலுவைப்பாதை. ஊரை அழித்த மலையில் ஆளுயரச் சிலைகளோடு பதினான்கு நிலைகளை வைத்து ஏறுகிறார்கள். காலை ஒன்பதரை வெயில், படியெல்லாம் கூட்டம், மெழுகுவர்த்திப் புகை. ஆறாவது நிலையோடு நான் உட்கார்ந்துவிட்டேன். நோங் பதினான்கும் ஏறி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

எதிரே ஹிபோக்-ஹிபோக் தெரிந்தது, 1,332 மீட்டர். 1948இல் சீற ஆரம்பித்து, 1951 டிசம்பர் 4 அன்று காலை எரிமேகத்தைச் சரிவில் உருட்டிவிட்டு ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மலை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1952இல் அரசு எரிமலைகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைத்தது. இன்றைய ஃபிவோல்க்ஸ் நிறுவனத்தின் ஆரம்பம் அது. அபாகா நார் வியாபாரத்தில் செழித்த மம்பஹாவ் துறைமுகம் அந்த அடிக்குப் பிறகு பழையபடி எழவே இல்லை, ஆயிரக்கணக்கானோர் மிண்டனாவோவுக்குப் போய்விட்டார்கள் என்றார் நோங். அவருடைய அப்பா போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "லன்சோனெஸ் மரம் வைத்திருந்தார்" என்றார். அது ஒரு பழம். எரிமலை மண்ணில் விளையும் கமிகீன் லன்சோனெஸ் மாதிரி இனிப்பு வேறெங்கும் கிடையாது என்பது அவர்கள் நம்பிக்கை. அக்டோபரில் அதற்குத் திருவிழாவே எடுக்கிறார்கள்.

தெற்கே கோபுரம் கட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆபத்து முதுகுக்குப் பின்னால் வளர்ந்திருக்கிறது. இப்போது மம்பஹாவில் மலையைப் பார்க்கும் நிலையம் இருக்கிறது. எரிமலை எண்ணிக்கையை நண்பன் சொன்ன தொனி அங்கே உட்கார்ந்திருந்தபோது கொஞ்சம் பிடிபட்டது. கமிகீன் 1958வரை எதிரே மிண்டனாவோவில் இருக்கும் மிசாமிஸ் ஓரியெண்டல் மாகாணத்தின் ஒரு பகுதி, பிறகு துணை மாகாணம், 1966இல் சட்டப்படி தனி மாகாணம்: எரிமலை அடித்துப் பதினைந்து வருடத்தில் வாங்கியிருக்கிறார்கள்.

கடைசிப் பகுதி யும்பிங் வழியாக. சுற்றுலாப் பயணிகள் வெள்ளை மணல்திட்டுக்குப் படகு ஏறும் இடம். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள், நாங்கள் ஐஸ்கிரீமை வேடிக்கை பார்த்தோம். மதியம் மூன்றரைக்கு மம்பஹாவ் வீட்டு வாசல். நண்பனின் அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தில் என் காலை வைக்கச் சொல்லி, கையில் பினிக்னித் கிண்ணத்தைக் கொடுத்தார். தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசி, வாழைப்பழம், சர்க்கரைவள்ளி போட்டுக் காய்ச்சியது; புனித வெள்ளிக்கு வீட்டுக்கு வீடு செய்வார்களாம். ஏலக்காய் மட்டும் இருந்தால் நம் பாயசம். மூன்று கிண்ணம் குடித்தேன்.

செருப்பைத் திருப்பிக் கொடுத்தபோது நோங் வாங்கவில்லை. அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள் என்றார். வலது காலில் இரண்டு நகம் கறுத்து, ஜூன் மாதம் விழுந்தன.