ஐயாற்றில் அவனுக்காக

ஆடி அமாவாசைக்குத் திருவையாறு போவதென்று பங்குனியிலேயே முடிவு செய்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் அந்த மாதம்தான் காலமானான். ஊருக்கு அவன் 'மிலிட்டரி'. எனக்குப் பாட்டுக்காரன். தமிழய்யா சொல்லிக்கொடுத்த தேவாரத்தைக் காலைப் பிரார்த்தனையில் அவன் பாடினால், பெரிய கிளாஸ் பையன்கள்கூடச் சத்தம் போடாமல் நிற்பார்கள்.

தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டினால் காவிரி. மேட்டூர் திறந்துவிட்டதால் ஆறு கரை தொட்டு ஓடியது. புஷ்ய மண்டபப் படித்துறையில் விடியற்காலையிலேயே நிற்க இடமில்லை.

அவன் வெலிங்டனில் பயிற்சி முடித்து, 1971 போரில் கிழக்கு முனைக்குப் போனவன். பக்கத்தில் குண்டு விழுந்ததில் இடது காது போய்விட்டது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தான். போரைப் பற்றி அவன் சொன்னதிலும் பாட்டுதான் வரும். பதுங்குகுழியில் முழங்கால் அளவு தண்ணீர், பக்கத்தில் நாகர்கோவில் பையன் ஒருவன். தூக்கம் வராமலிருக்க அந்தப் பையன் தன் அம்மாவின் தாலாட்டை ராத்திரியெல்லாம் முணுமுணுத்தானாம். பையன் ஊர் திரும்பவில்லை. பட்டாளத்திலிருந்து வந்த பிறகு ஆடி அமாவாசை தோறும் இதே படித்துறையில், தன் அப்பா அம்மாவுக்கு விட்ட கையோடு அந்தப் பையனுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுவந்தான். அதற்குக் காருண்ய தர்ப்பணம் என்று பெயர். ரத்த சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, குருவுக்கும் சிநேகிதனுக்கும் விடலாம்.

இந்த வருஷம் அது என் பொறுப்பு. என் பெற்றோருக்கு முடித்ததும், மந்திரம் சொல்லிக்கொடுத்த சாஸ்திரிகளிடம், "இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க சாமி" என்றேன்.

"என்ன உறவு?"

"ஒருத்தன் கூடப் படிச்சவன். இன்னொருத்தர் அவனோட பட்டாளத்துல இருந்தவர், நான் பார்த்ததில்லை."

கோத்திரம் கேட்டார். பையனுடையது தெரியாது என்றேன். "சிவகோத்திரம்னு சொல்லிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அதுவரை அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்த மந்திரத்தை அந்த இரண்டு பேருக்கும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நனைந்த எள் விரலில் ஒட்டிக்கொண்டு ஆற்றில் விழ மறுத்தது. தண்ணீர் விட்டுத் தள்ள வேண்டியிருந்தது.

பிறகு கோயில். தெற்கு வாசலில் ஆட்கொண்டார் சன்னதிக் குண்டத்தில் ஒரு பிடி குங்கிலியம் போட்டேன். உள்ளே ஐயாறப்பர், அறம் வளர்த்த நாயகி. தலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கயிலை போகக் கிளம்பி, கால் தேய்ந்து, உடம்பால் உருண்டு போன அப்பருக்கு, 'ஐயாற்றில் காண்க' என்று இறைவன் காட்டிய இடம். களிறும் பிடியும், கோழியும் பெடையும் இணையிணையாக வர, எல்லாவற்றிலும் அம்மையப்பனைக் கண்டு 'கண்டறியாதன கண்டேன்' என்று பாடினார். காந்தாரப் பண், ஓதுவார்கள் நவரோஜ் ராகத்தில் பாடுவார்கள். நண்பன் பள்ளியில் பாடியது அந்தப் பதிகம்தான்.

வெளிப் பிரகாரத்தின் தென்மேற்கு மூலையில் நின்று 'ஐயாறா' என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். அங்கே வந்தால் அவன் குழந்தையாகிவிடுவான். கூப்பிட்டுவிட்டு வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு விரல் மடக்குவான். மூன்று, மிஞ்சினால் நான்கு. "உனக்கு எத்தனைடா?" என்று கேட்பான். நான் சொன்னதும், "சரி, மீதி அவருக்குக் கேட்கட்டும்" என்று சன்னதிப் பக்கம் கும்பிடுவான். அப்பருக்குக் கண்ணால் கிடைத்தது இவனுக்குப் பாதிக் காதால் கிடைத்தது என்றே நான் நம்புகிறேன். நேற்று நானும் கூப்பிட்டேன். கூட்டத்தின் இரைச்சலில் எண்ண முடியவில்லை.

தியாகராஜர் சமாதிக்கும் போனேன். 1847-இல் சித்தியடைந்த மகானுக்குத் தன் நகைகளையும் சொத்தையும் கொடுத்துக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் அங்கே பாடக்கூடாது என்றிருந்ததை எதிர்த்து நின்று மாற்றியவரும் அவர்தான். 1952-இல் மறைந்த அவருடைய சமாதி எதிரிலேயே இருக்கிறது. நண்பன் முதலில் அந்த அம்மாளை விழுந்து கும்பிட்ட பிறகுதான் சுவாமிகளிடம் போவான். ஆராதனையன்று சுவாமிகளின் ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாடும்போது பந்தலின் இடது ஓரம்தான் அவன் இடம். அப்போதுதான் நல்ல காது பாடுகிறவர்கள் பக்கம் இருக்கும். முதலில் வரும் நாட்டை ராகத்தில் நிமிர்ந்து உட்காருகிறவன், ஆரபி ராகம் வந்ததும் தொடையில் தாளம் போடத் தொடங்கிவிடுவான்.

சாயங்காலம் அப்பர் கயிலைக் காட்சியைத் தரிசித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து அவன் மனைவிக்குப் போன் போட்டேன்.

"அந்த நாகர்கோவில் பிள்ளைக்கும் விட்டீங்களாண்ணே?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது.

"விட்டேம்மா."

"அவங்க கடைசி வாரத்துல அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. தை மாசம் ஆராதனைக்கு நானும் வர்றேன், கூட்டிட்டுப் போங்க" என்றார்.