ரெண்டடி தொட்டிக்கு எத்தனை ஜோடி?

கலர் மீன் கடைகளில் எல்லாமே ஜோடிக் கணக்குதான். சென்னையில் கலர் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் போய் நின்றாலும் சரி, நம்ம தெருமுனைக் கடையானாலும் சரி, "ஜோடி எவ்வளவுண்ணே?" என்றுதான் ஆரம்பிக்கிறோம். ஏஞ்சல் ஒரு ஜோடி, டைகர் பார்ப் ஒரு ஜோடி, கோல்டு ஒரு ஜோடி, குழந்தை அடம்பிடித்ததற்காக ஷார்க் ஒரு ஜோடி, பாசியைத் தின்னும் என்று கடைக்காரர் நம் தலையில் கட்டும் சக்கர் ஒன்று, எல்லாம் சேர்ந்து ஒரே ரெண்டடி தொட்டிக்குள் போகிறது. பார்க்கக் கல்யாண வீடு மாதிரி களைகட்டும். ஒரு வாரம்.

அந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 2 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம். விளிம்பு வரை ஊற்றினாலே 56 லிட்டர்தான், மணல், கல், மேலே விடும் இடம் எல்லாம் போக 45 நின்றால் பெரிசு. அத்தனை மீனும் கழிவாக விடுகிற அமோனியா என்னும் விஷம் இந்த 45 லிட்டரிலேதான் கலக்கிறது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நாம் முதல் நாளே பத்து மீனை விட்டுவிட்டு, ஐந்தாம் நாள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்கிறோம்.

சரி, ஜோடிக்கு வருவோம். டைகர் பார்ப் ஜோடியாக வாழும் மீனே இல்லை, கூட்ட மீன். எட்டுப் பத்து சேர்ந்திருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு, யார் பெரியவன் என்று சண்டை போட்டுக்கொண்டு, மற்ற மீன்களை ஓரளவு விட்டுவைக்கும். ரெண்டே ரெண்டு இருந்தால் அந்தத் துடுக்கு முழுவதும் ஏஞ்சல் மேல்தான் திரும்பும். ஏஞ்சலின் வயிற்றுக்கடியில் நூல் மாதிரி ரெண்டு துடுப்பு தொங்குமே, அதைப் பார்ப் பின்னாலிருந்து வந்து ஒரு கடி கடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நகர்ந்துவிடும். சில நாளில் அந்த நூல் பாதியாகி, வாலோரம் வெள்ளையாகப் பிய்ந்து, ஏஞ்சல் துடுப்பையெல்லாம் ஒடுக்கிக்கொண்டு ஃபில்டர் மூலையிலேயே நிற்கும். பார்ப் எட்டு வேண்டுமென்றால் மூன்றடி தொட்டி, அதில் ஏஞ்சலும் கப்பியும் ஃபைட்டரும் கிடையாது.

ஏஞ்சலும் லேசுப்பட்டதல்ல. வாங்கும்போது ஒரு ரூபாய் நாணயம் அளவு. வளர்ந்தால் துடுப்பு நுனியிலிருந்து நுனிவரை முக்கால் அடிக்குப் பக்கம், நீளத்தைவிட உயரம் அதிகம், அதனால் ஒன்றரை அடி உயரத் தொட்டி வேண்டும். கூட விட்ட நியான் டெட்ராவை ஒரு ராத்திரி சத்தமில்லாமல் விழுங்கியும் விடும். வாயில் நுழைவது இரை, அவ்வளவுதான் அதன் கணக்கு.

"தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை யார் கிளப்பிவிட்டார்களோ! வளராமல் நிற்பது கெட்ட தண்ணீரிலும் நெருக்கடியிலும் குன்றிப்போவதால். அந்தக் குட்டி ஷார்க் மேகாங் ஆற்றுக் கெளுத்தி இனம், ஒரு மீட்டரைத் தாண்டும். ஹோட்டலில் ஃபிஷ் ஃபிங்கராக வருகிற பாசா பெரும்பாலும் இதே மீன்தான். சக்கர் ஒரு அடிக்கு மேல் போகும், பெரிசானதும் பாசியை விட்டுவிட்டு ராத்திரியில் கோல்டின் உடம்பில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சும். அதற்காக ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், ஏற்கெனவே அப்படி விட்டுத்தான் நம்ம ஊர் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. கோல்டோ குளிர்ந்த தண்ணீர் கேட்கும், கழிவும் அதிகம். வாஸ்துக்கு எட்டு ஆரஞ்சு, ஒரு கறுப்பு என்று ரெண்டடியில் ஒன்பதை அடைப்பதை என்னால் பார்க்க முடிவதில்லை.

அப்போ ரெண்டடியில் என்னதான் விடுவது? போர் தண்ணீர் உப்பாக, கடினமாக வருகிற வீடென்றால் கப்பியோ மோலியோ. அதிலும் ஜோடி வேண்டாம், ஒரே பெண் கப்பி என்றால் ஆண் அதைத் துரத்தியே ஓயவைத்துவிடும். ரெண்டு ஆணுக்கு ஐந்து பெண் என்று விடுங்கள், குட்டி போட்டுப் பெருகும் என்பதால் இடமும் மிச்சம் வையுங்கள். மென்மையான தண்ணீர் கிடைத்தால் எட்டு நியான், தரையில் மேய ஆறு கோரிடோராஸ். ஃபைட்டர் பிடிக்குமென்றால் ஒரே ஒரு ஆண், அதனோடு கப்பி வேண்டாம், அந்த விசிறி வாலைப் பார்த்தாலே அதற்கு ஆகாது.

பெரிசாக வளரும் ஆஸ்கார் மீன்தான் வேண்டும் என்பவர்களுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம் என்பதுதான் தொடக்கமே. தண்ணீர் மட்டும் 250 கிலோ, கண்ணாடி, கல், ஸ்டாண்ட் தனி. மாடி வீடு என்றால் சுவரோரமாக வையுங்கள், அதற்கு முன்னால் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.