அண்ணனின் ரத்த ரிப்போர்ட்டில் தெரிந்த குடி

அண்ணனுக்குக் குடலிறக்கம். சின்ன ஆபரேஷன்தான், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். குடிப்பழக்கம் உண்டா என்று படிவத்தில் கேட்ட இடத்தில் அண்ணி ‘எப்போதாவது’ என்று எழுதினார். இன்ஷூரன்ஸ் கிளெய்மைத் தள்ளிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் நம்ம தமிழ் ஆட்கள் நெருக்கமாக வாழும் தெரு, யார் காதிலாவது விழுந்துவிடுமே என்ற கூச்சம் இன்னொரு பக்கம். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனைதான் எடுத்தார்கள். மயக்க மருந்து டாக்டர் சேலத்துக்காரர். ரிப்போர்ட்டை மேசையில் விரித்து மூன்று வரிகளைப் பேனாவால் சுழித்தார். கல்லீரல் நொதியான ஜிஜிடி 260. ஆண்களுக்கு 60 பக்கம் இருந்தாலே அதிகம். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இன்னும் இரண்டு நொதிகள்; இதில் எஸ்ஜிஓடி மற்றதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வெறும் கொழுப்புக் கல்லீரல் என்றால் பெரும்பாலும் எஸ்ஜிபிடிதான் கூடுதலாக இருக்குமாம். மூன்றாவது எம்சிவி, அதாவது சிவப்பணுவின் பருமன். 100க்குள் இருக்க வேண்டியது 104 இருந்தது.

“கடைசியா எப்ப குடிச்சீங்க சார்?”

‘குடிப்பீங்களா’ என்று கேட்டிருந்தால் அண்ணன் இல்லை என்று சாதித்திருப்பார். இந்தக் கேள்விக்கு, “நேத்து ராத்திரி” என்று சொல்லிவிட்டார். தினம் ஒரு குவார்ட்டர், சில நாள் அதற்கும் மேல். 180 மில்லி விஸ்கியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது என்று டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆபரேஷனை அன்றே தள்ளிவைத்தார். தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். தையலோடு கட்டிலில் கிடக்கும்போது அது வந்தால், மயக்க மருந்தின் விளைவு என்று நினைத்துவிடவும் கூடும். இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இத்தனையும் அந்த ‘எப்போதாவது’க்குள் மறைந்திருந்தது!

அதற்காக இந்த எண்களை வைத்து யாரையும் குடிகாரர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என் அத்தை வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர். அவருக்கும் எம்சிவி எகிறியிருந்தது, பி12 குறைவால். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் மாத்திரையாலும் ஜிஜிடி ஏறும். நன்றாகக் குடிப்பவருக்கு எல்லாமே நார்மலாக வருவதும் உண்டு. அதனால்தான் சிடிடி என்ற இன்னொரு பரிசோதனைக்கும் ரத்தம் அனுப்பினார்கள். இரண்டு வாரம்போல தினமும் அதிகமாகக் குடித்தால் அது கூடும், நிறுத்தினால் சில வாரங்களில் இறங்கிவிடும். அண்ணனுக்கு அதுவும் கூடுதலாகவே வந்தது.

ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதைப் பழக்க சிகிச்சைக்கென்றே தனி மையம் உண்டு. அங்கே அனுப்பினார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்கள். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஆபரேஷனுக்கு முன் குறைந்தது நான்கு வாரம் தொடக் கூடாது என்பது கண்டிப்பு.

அடுத்த பரிசோதனையில் ஜிஜிடி பாதிக்கும் கீழே வந்திருந்தது, சிடிடி நார்மல். எம்சிவி மட்டும் அசையவில்லை. அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது: “நான் தொடவே இல்லையே, டாக்டர்!” சிவப்பணு 120 நாள் உயிர் வாழும், பழைய அணுக்கள் போய்ப் புதியவை நிறைய மாதக்கணக்கில் ஆகும் என்று அவர் விளக்கிய பிறகுதான் அண்ணன் நிமிர்ந்தே உட்கார்ந்தார். ஆபரேஷன் ஒரு தொந்தரவும் இல்லாமல் முடிந்தது.

பிறகு ஒரு நாள் அண்ணி டாக்டரிடம் தனியாக, “அவருக்குத் தெரியாம அப்பப்ப இந்த டெஸ்ட் எடுத்துடலாமா?” என்று கேட்டார். “வேண்டாம்மா. அவருக்குச் சொல்லிட்டு, அவர் சம்மதத்தோட எடுப்போம். தெரியாம எடுத்தா அப்புறம் என்கிட்ட எதையுமே சொல்ல மாட்டார்.” இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்கள். அடுத்தது தீபாவளி முடிந்த வாரம். அந்த நாளைக் கேட்டு வாங்கியது அண்ணன்தான்.