சமூக சேவைத் துறையில் வேலை தேடுவோர்க்கு: என் படிப்பும் இரண்டு நேர்காணல்களும்

சமூகப் பணியில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, கல்விக்காக உழைக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் சேர வேண்டும் என்பதில் தெளிவாக இருந்த நான், அங்கே என்ன வேலை செய்வேன் என்பதை யோசிக்கவே இல்லை. குழந்தைகளோடு இருக்கப்போகிறோம் என்று எண்ணி முதலாண்டுக் களப்பணிக்குச் சென்ற என்னை, வருகைப் பதிவேடுகளைச் சரிபார்த்து நன்கொடையாளருக்கான காலாண்டறிக்கைக்குத் தரவு தொகுக்க உட்கார வைத்தார்கள். இரண்டு வாரம் சலிப்பாகவே கழிந்தது. பின்னர், மாணவியர் சிலர் வாரத்தின் ஒரே நாளில் தொடர்ந்து வராதிருப்பதைக் கவனித்துக் கள அலுவலரிடம் கேட்டேன். அன்று தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள அவர்களை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது தெரியவந்து, வகுப்பு வேறு நாளுக்கு மாற்றப்பட்டது. கண்காணிப்பு, மதிப்பீடு என்னும் பிரிவு எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஆகவே, எந்தப் பிரச்சினைக்காக உழைக்க விரும்புகிறோம் என்பதைவிட, எந்த வேலையை நாள்தோறும் செய்தாலும் நமக்கு அலுக்காது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன். நிதி திரட்டுபவருக்கும் கொள்கை வரைபவருக்கும் வேண்டிய மனப்பாங்கு ஒன்றல்ல. அரசுப் பணியில் கோப்பு மெல்ல நகர்ந்தாலும் ஒரே ஆணை பல்லாயிரம் பேரைச் சென்றடையும். தொண்டு நிறுவனத்தில் புதியதைச் சோதித்துப் பார்க்க இடமுண்டு, ஆனால் திட்ட நிதி தீர்ந்தால் பெரும்பாலும் ஒப்பந்தமும் தீர்ந்துவிடும்.

படிப்பில் நான் தடுக்கி விழுந்த இடம் லாக்ஃபிரேம். ஒரு திட்டத்தில் என்ன செய்கிறோம், அதனால் என்ன கிடைக்க வேண்டும் என்பதை வரிசைப்படுத்தும் அட்டவணை அது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பாக இருந்த யுஎஸ்எய்டுக்காக 1969-இல் உருவாக்கப்பட்ட அதில் வெளியீடு வேறு, விளைவு வேறு. பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கை வெளியீடு. பயிற்சிக்குப் பின் அவர்கள் வாழ்வில் ஏற்படும் மாற்றம் விளைவு. முதற்பருவத் தேர்வில் இரண்டையும் குழப்பி எழுதி மதிப்பெண் இழந்தேன். பிற்பாடு வேலையில் சேர்ந்தபோது, அனுபவசாலிகளின் அறிக்கைகளிலும் அதே குழப்பத்தைக் கண்டு சற்றே ஆறுதலடைந்தேன்.

பன்னாட்டு அமைப்புகளை நாடுவோர் வயது வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.நா.வின் இளம் தொழில்முறையாளர் திட்டத் தேர்வை எழுதுவோர் அந்த ஆண்டில் 32 வயதைக் கடந்திருக்கக் கூடாது. அந்த ஆண்டுக்கான பட்டியலில் உள்ள நாடுகளின் குடிமக்களே விண்ணப்பிக்கவும் முடியும். 1970-இல் பொதுச்சபைத் தீர்மானத்தால் தோன்றிய ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில், 18 வயது நிரம்பியவர்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய இணையவழிப் பணிகளும் உண்டு.

முதல் நேர்காணலில் இரக்கத்தைப் பற்றி நீளமாகப் பேசினேன். “நீங்கள் எடுத்து, தவறாகிப்போன முடிவு ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டதும் வாயடைத்துப் போனேன். அடுத்த நேர்காணலுக்குள் சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் ஆறு அனுபவங்களை எழுதிப் பழகியிருந்தேன். அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் தணிக்கைக் கணக்கையும் படித்துவிட்டே சென்றிருந்தேன். இறுதியில், இந்தப் பணியிடத்துக்கு எத்தனை மாதத்துக்கு நிதி இருக்கிறது என்று நானே கேட்டேன். பதினான்கு மாதம் என்று மழுப்பாமல் சொன்னார்கள். அந்த வேலையில்தான் சேர்ந்தேன்.