சாப்பிடும் நேரம் விசாரணை நேரம் இல்லை

சேர்ந்து சாப்பிடுகிற குடும்பத்தில் பாசம் வளரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிவிடலாம். ஒருவர் வேலை முடித்து வர நேரமாகும், ஒருத்திக்கு மறுநாள் பரீட்சை, பெரியவர்களுக்கு மாத்திரை போட வேண்டியிருப்பதால் சீக்கிரமே சாப்பிட்டாக வேண்டும், இதில் எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்கார வைப்பதே பெரிய பாடு. அப்படி உட்கார வைத்த பிறகு, முதல் வாய் உள்ளே போவதற்குள் "கணக்கில் எவ்வளவு மார்க்?" என்று ஆரம்பித்தால், பேசாமல் தனித்தனியாகவே சாப்பிட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

சாப்பிடும்போது பேச்சு ஏன் சுலபமாக வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கைக்கு வேலை இருக்கிறது, கண் தட்டில் இருக்கிறது, நடுவில் யாரும் பேசாமல் இருந்தாலும் சங்கடமாக இருக்காது. எதிரே உட்கார வைத்து "உன் மனசில் என்னதான் இருக்கு, சொல்லு" என்று கேட்டால் பதினைந்து வயதுப் பிள்ளை வாயே திறக்காது. அதே பிள்ளை பாதிச் சாப்பாட்டில், யாரும் கேட்காமலேயே, தன் சிநேகிதனோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதைச் சொல்லும். ஆனால் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போக முடியாது என்பது நமக்கும் தெரியும். அது தெரிந்துதான் நாம் மார்க், கடன், போன வாரத்துத் தப்பு எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து கொட்டுகிறோம். மாட்டிக்கொண்டவர் வேகவேகமாக விழுங்கிவிட்டுப் போய்விடுவார், மறுநாளிலிருந்து "எனக்குப் பசியில்லை" என்று ஆரம்பித்துவிடுவார்.

அதனால் எங்கள் வீட்டில் சில விஷயங்களைச் சாப்பாட்டு நேரத்தில் எடுப்பதில்லை. பேசவே கூடாது என்றில்லை, அரை மணி நேரம் கழித்துத் தாராளமாகப் பேசலாம். இது பிள்ளைகளுக்காக மட்டும் போட்ட சட்டம் இல்லை. கணவரின் சம்பளப் பேச்சு, மாமியாரின் சர்க்கரை அளவு, நான் யாருக்கோ போன் செய்ய மறந்தது, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

வெறுமனே நம்பிக்கையில் சொல்லவில்லை. சேர்ந்து சாப்பிடும் குடும்பத்துப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று வரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், ஏற்கெனவே நன்றாக இருக்கும் குடும்பங்கள்தானே சேர்ந்து சாப்பிடுகின்றன என்று எனக்குத் தோன்றும். அமெரிக்காவில் கெல்லி மியூசிக், ஆன் மெய்யர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இதைத்தான் தோண்டிப் பார்த்தார்கள். 2012-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், சேர்ந்து சாப்பிடுவதால் வருவதாகச் சொல்லும் நன்மையில் ஒரு பகுதி, குடும்பத்தின் வசதியாலும் உறவின் தரத்தாலும் வருவதுதான் என்று தெரிந்தது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகாத வீட்டில் சேர்ந்து சாப்பிடுவதால் பெரிய பலன் இல்லை என்பதையும் பிறகு எழுதினார்கள். ஆக, உட்கார்ந்தால் மட்டும் போதாது.

சரி, கேள்வியும் கேட்கக் கூடாதென்றால் என்னதான் பேசுவது? முதலில் நீங்கள் சொல்லுங்கள். "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்தது?" என்றால் "ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் வரும். நீங்கள் ஆபீஸில் அசடு வழிந்த கதையைச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் கதை தானாக வரும். எமரி பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும், குடும்பக் கதைகள் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க 20 கேள்விகள் வைத்தார்கள். அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்ற மாதிரிக் கேள்விகள். அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன. இதைப் படித்துவிட்டு உடனே வினா விடையாக மனப்பாடம் பண்ண வைத்துவிடாதீர்கள், பதிலால் ஒன்றும் ஆகாது, அந்தக் கதைகள் பேச்சோடு பேச்சாக வருகிற வீடா என்பதுதான் விஷயம் என்று டியூக்கே சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இதில் கெட்டிக்காரர் மாமனார்தான், ஒரே கதையை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்லுவார், பிள்ளைகள் "போன தடவை நாய் கடிச்சதுன்னு சொன்னீங்களே தாத்தா" என்று மடக்குவார்கள்.

இன்னொரு விசாரணையும் உண்டு, "இன்னும் ஒரு வாய், அந்தக் காயையும் முடி" என்பது. என்ன சமைப்பது, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் பெரியவர்கள் பாடு, எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பாடு என்று எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் பிரித்துச் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். மாமியாருக்கு இதில் இன்றுவரை சம்மதமில்லை. பெர்லினில் 50 குடும்பங்களை வைத்து நடத்தி 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் போலக் கூடுதலாக உட்கார்ந்தபோது பிள்ளைகள் காயும் பழமும் அதிகம் சாப்பிட்டார்கள், மற்றவை அப்படிக் கூடவில்லை. வற்புறுத்துகிற நேரத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பேசலாம்.

போன் பக்கத்து அறையில். பெரியவர்களுடையதுதான் முதலில்.

எல்லோரும் ஒன்றாக உட்கார முடியாத நாட்கள்தான் அதிகம், அதற்காக யாரும் பசியோடு காத்திருக்க வேண்டாம். நேரம் கழித்து வருபவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தாலே போதும், காலைச் சாப்பாட்டில் இருவர் சேர்ந்தாலும் கணக்குதான். ஆனால் ஒன்றில் நான் கறார். சமைத்தவரும் உட்கார வேண்டும். பாத்திரங்களை எல்லாம் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டால் அவரவரே போட்டுக்கொள்ளலாம். ஒருவர் நின்று பரிமாறிவிட்டு, எல்லோரும் எழுந்த பிறகு தனியாகச் சாப்பிட்டால் அதற்குச் சேர்ந்து சாப்பிடுவது என்று பெயரில்லை.

பாத்திரம் கழுவுவதில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை. கடைசியாக முடிப்பவர் கழுவ வேண்டும் என்று வைத்தோம், எல்லோரும் மென்று தின்பதையே விட்டுவிட்டார்கள். இப்போது முதலில் எழுந்திருப்பவர்தான் கழுவ வேண்டும் என்று மாற்றியிருக்கிறோம், தட்டு காய்ந்த பிறகும் ஒருவரும் எழுந்திருப்பதில்லை.