எரிபொருள் மாற்றி, மறுபடி உலையைக் கிளப்பிய கதை

அணுமின் நிலையத்தில் இருக்கும் பொறியாளர்களில் பெரும்பாலானோர் பம்ப், வால்வு, டர்பைன், மின்கருவிகளோடு மல்லுக்கட்டுபவர்கள். எரிபொருள் இருக்கும் நடுப்பகுதியை, நாங்கள் கோர் என்று சொல்வதை, கவனிப்பவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இந்த வேலை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு, நான் ஆரம்பம் முதல் முடிவு வரை கூடவே இருந்த முதல் அவுட்டேஜைச் (எரிபொருள் மாற்ற உலையை நிறுத்திவைக்கும் காலத்தை) சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

எங்களுடையது அழுத்த நீர் உலை, அதாவது கொதிக்காதபடி உயர் அழுத்தத்தில் வைத்த நீர் கோரின் வெப்பத்தை எடுத்துப்போகும் வகை. சுமார் ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு எரிபொருளை மாற்றுவோம். கோரில் மொத்தம் 193 எரிபொருள் கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் 264 மெல்லிய குழாய்கள், அவற்றுக்குள் விரல் நுனி அளவுகூட இல்லாத யுரேனிய வில்லைகள். நிறுத்துவதற்குப் பல மாதங்கள் முன்பே எங்கள் வேலை தொடங்கிவிடும். புதுக் கட்டு எங்கே, ஒரு சுற்று எரிந்தது எங்கே, இரண்டு சுற்று எரிந்தது எங்கே என்று முடிவு செய்ய வேண்டும். புதியவற்றை நடுவில் குவித்தால் அங்கே வெப்பம் எகிறும். ஓரத்தில் வைத்தால், யுரேனிய அணுக்களைப் பிளக்கும் துகள்களான நியூட்ரான்கள் வெளியே கசிந்து வீணாவதோடு, உலைக்கலத்தின் சுவரையும் வருடக்கணக்கில் பலவீனப்படுத்தும். ஒருவர் கணக்கிட்டதை, அதில் சம்பந்தப்படாத இன்னொருவர் முதலிலிருந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். வேலையில் பெரும்பகுதி இப்படி அடுத்தவர் கணக்கைப் படிப்பதுதான். இது பிடிக்காதவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் வேறு பக்கம் போய்விடுகிறார்கள்.

உலையை நிறுத்திய அன்று எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. அணுக்கள் பிளக்கும் வினை நின்ற அந்த நொடியிலும், பிளவில் உண்டான கழிவு அணுக்கள் சிதைவதால், முழுத் திறனில் ஆறு ஏழு சதவீத வெப்பம் வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது ஒன்றரை சதவீதத்துக்கு அருகில் இறங்கும். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் மிச்சம். 3000 மெகாவாட் வெப்பத்திறன் உள்ள உலையில் அந்த அரை சதவீதமே 15 மெகாவாட். 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கம் வந்ததும் ஒழுங்காகவே நின்றன. சுனாமியில் குளிர்விக்கும் வழி போனதால் இந்த மிச்ச வெப்பம்தான் எரிபொருளை உருக்கியது. அதனால் அவுட்டேஜ் நாட்களில் காலைக் கூட்டத்தில் முதலில் படிக்கப்படும் எண், இப்போது குளிர்விப்பு நின்றால் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது. அந்த எண் சின்னதாக இருக்கும் நாட்களில் சில பம்ப்களின் பக்கமே யாரையும் விடமாட்டார்கள்.

உள்ளே போவது ஒரு சடங்கு. உடை மாற்றி, கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் மாட்டி, மோதிரம் கழற்றி, பையைக் காலி செய்து, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றால் கட்ட வேண்டும். திறந்த உலைக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளும் பதிவேட்டில் ஏறும், திரும்பும்போது கழியும். ஒரு சிறு கம்பித் துண்டு உள்ளே விழுந்தால், ஓடும் நீரில் அது எரிபொருள் குழாயை மாதக்கணக்கில் உரசி ஓட்டை போட்டுவிடும். கதிர்வீச்சைப் பற்றித்தான் வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். அந்த அவுட்டேஜ் முழுவதற்கும் எனக்குக் கிடைத்த கதிர்வீச்சு, அதை அளக்கும் அலகில் ஒரு மில்லிசீவர்ட்டைக்கூடத் தொடவில்லை. இயற்கையிலிருந்தே உலக சராசரியாக ஒருவருக்கு வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் சேர்கிறது. வேலை செய்பவர்களுக்குச் சர்வதேசப் பரிந்துரை ஐந்து வருட சராசரியாக வருடத்துக்கு 20. நீராவி ஜெனரேட்டருக்குள் இறங்கும் தொழிலாளர்கள் எங்களைவிட அதிகமாக வாங்குகிறார்கள்; பொறியாளர்கள் தங்கள் துணிச்சலைப் பற்றிப் பேசும்போது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வரும்.

எரிபொருளை நகர்த்துவது எல்லாம் நீருக்கடியில். எரிந்த கட்டைச் சுற்றி நீல ஒளி தெரியும். முதல் முறை பார்த்தபோது வாயடைத்து நின்றேன். அப்புறம் தாளில் உள்ள அடுத்த வரி. ஒருவர் படிப்பார், இயக்குபவர் திருப்பிச் சொல்வார், முதலாமவர் சரி என்றபின்தான் கிரேன் நகரும். ராத்திரி ஷிப்டில் இதே மூன்று பேச்சு, இடைவிடாமல். எல்லாம் வைத்து முடித்ததும் கேமராவை இறக்கி, 193 கட்டுகளின் எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்து வரைபடத்தோடு ஒப்பிட்டோம். தாளில் டிக் அடித்தது சாட்சி ஆகாது, கண்ணால் பார்த்தால்தான் கணக்கு. 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தில் ஒரு வால்வு திறந்தே மாட்டிக்கொண்டது. விளக்கு காட்டியதோ மூடச் சொல்லி உத்தரவு போனதை மட்டும்தான். பயிற்சியில் அந்த விளக்கைப் பற்றிக் கேட்காதவர் எங்களில் யாரும் இல்லை.

கடைசியில் கிளப்பும் நாள். நிறுத்தியிருக்கும்போது தண்ணீரில் போரான் 2000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 2000 பங்குக்கு) மேல் இருக்கும். அது நியூட்ரான்களை விழுங்கும். அதேபோல் நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை உயர்த்திவிட்டு, சுத்தத் தண்ணீர் சேர்த்துப் போரானை மெல்லக் குறைப்போம். போரான் எந்த அளவுக்கு இறங்கும்போது உலை கிரிட்டிகல் ஆகும், அதாவது பிளவு வினை தானாகவே தொடரும் என்று நாங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கன்ட்ரோல் ரூமில் நியூட்ரான் எண்ணிக்கையைத் தலைகீழாக்கி (ஒன்றை அதால் வகுத்து) வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். எண்ணிக்கை இரட்டிப்பானால் புள்ளி பாதிக்கு இறங்கும். கோட்டை நீட்டினால் அது பூஜ்ஜியத்தைத் தொடும் இடம்தான் நாம் தேடுவது. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு முதல் உலையை இயக்கியதும் இதே யோசனையை வைத்துத்தான். கணினி தானாகவே வரைந்தாலும் கையாலும் வரையச் சொன்னார்கள். அது நல்ல வழக்கம். கையால் வரையும்போது அடுத்த புள்ளி எங்கே விழும் என்று மனம் தானாகவே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

இதில் மனிதன் கை வைக்க முடிவதற்கே காரணம், பிளவில் வரும் நியூட்ரான்களில் 0.65 சதவீதம் போல நொடிக்கணக்கில் தாமதித்து வருவதுதான். அவை இல்லையென்றால், தண்டுகளை நகர்த்தும் எந்த மோட்டாரும் தொடர முடியாத வேகத்தில் வினை ஏறிவிடும்.

பல மணி நேரம் நீர் சேர்த்தோம். யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு கட்டத்தில் எதையும் தொடாமலேயே எண்ணிக்கை சீராக ஏறிக்கொண்டே போனது. ஷிப்ட் மேற்பார்வையாளர் நேரத்தைச் சொல்லி, பதிவேட்டில் எழுதச் சொன்னார். அளந்த போரான், நாங்கள் எழுதிக் கொடுத்த எண்ணிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆனால் அனுமதித்த எல்லைக்குள் இருந்தது. யாரும் கைதட்டவில்லை, தண்டுகள் வினையை எவ்வளவு அடக்குகின்றன என்று அளக்கும் சோதனைகள் உடனே ஆரம்பித்துவிட்டன. அவை முடிந்து திறனைப் படிப்படியாக ஏற்றும்போது, ஒவ்வொரு படியிலும் நிறுத்திக் கோரில் வெப்பம் எங்கெங்கே எவ்வளவு என்று வரைபடம் எடுத்து, கணக்கோடு பொருந்தினால்தான் அடுத்த படி. முழுத் திறனை எட்டியபோது நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது சோதனை அறிக்கையின் முதல் வரைவு சரிபார்க்கச் சொல்லி மேஜையில் கிடந்தது.